கற்பித்தல் வடிவமைப்பு: மேற்படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை என நாம் நன்கறிந்த படிப்புகளின் வரிசையில் எளிதில் நினைவுக்கு வாராத படிப்புகளும் உள்ளன. பிறர் கற்பதற்கான வழியை வகுத்துத் தரும் திறனை வளர்க்கும் படிப்பு அவற்றுள் ஒன்று. இளநிலைப் பட்டம் பெற்றபின் பயிலத்தக்க இம்முதுகலைப் படிப்பைப் பல்கலைக்கழகங்கள் பல பெயர்களில் வழங்குகின்றன. அவற்றுள் தக்கதை எவ்வாறு இனங்காண்பது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பாடநூலின் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியால் வருடுகிறோம். காணொலி ஒன்று திறக்கிறது. ஆசிரியர் ஒருவர் தோன்றி விளக்குகிறார், படம் அசைகிறது, இறுதியில் வினா ஒன்று எழுகிறது. நாம் ஆசிரியரின் குரலையும் படத்தின் அழகையும் கவனிக்கிறோம். அவற்றுக்கு முன்பே சில முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. எந்தக் கருத்து முதலில் வரவேண்டும்? எதற்கு எடுத்துக்காட்டு வேண்டும், எதற்கு வேண்டா? வினாவை எந்த இடத்தில் கேட்பது? தவறாக விடையளிப்பவரை எங்கே திருப்பி அழைத்துச் செல்வது? இம்முடிவுகளை ஊகத்தாலும் எடுக்கலாம், ஆய்ந்தும் எடுக்கலாம். ஆய்ந்து எடுக்கும் முறையே கற்பித்தல் வடிவமைப்பு எனப்படுகிறது. அதற்குத் துணைநிற்கும் கருவிகள், ஊடகங்கள், மென்பொருள்கள் ஆகியவற்றைத் தக்கவாறு கையாளும் துறை கல்வித் தொழில்நுட்பம். இவ்விரண்டையும் இணைத்தே முதுகலைப் படிப்பு அமைகிறது.

கற்பித்தலை எண்ணிப் பார்த்துச் செய்யவேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், கற்கும் முறை என ஐந்தையும் தனித்தனியே பிரித்து இலக்கணம் கூறினார். இடமும் காலமும் நோக்கி, மாணவர் ஏற்கும் வகையறிந்து பாடஞ்சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அன்று மாணாக்கர் ஆசிரியரின் கண்முன் இருந்தார். இன்று அவர் பல நூறு கல் தொலைவில் ஒரு திரையின் முன் இருக்கலாம். அவர் முகம் வாடுவதைக் கண்டு பாடத்தை நிறுத்தி மறுபடியும் சொல்ல வழியில்லை. அவர் எங்கே தடுமாறுவார் என்பதை முன்னரே அறிந்து பாடத்தை அமைக்க வேண்டியிருக்கிறது. இத்துறையின் தேவை அங்கிருந்தே தொடங்குகிறது.

கரைசலும் காணொலியும்

வடிவமைப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வயிற்றுப்போக்கால் நீரிழப்புக்கு உள்ளான குழந்தையைக் காப்பது ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல். இதனைத் தயாரிக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பிக்கக் காணொலி ஒன்று வேண்டும் என்று கேட்டு ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். படம் எடுக்கத் தெரிந்தவர் உடனே நடிகரையும் இசையையும் தேடுவார். கற்பித்தல் வடிவமைப்பாளர் சில வினாக்களைக் கேட்பார். இப்போது தாய்மார்கள் எவ்வாறு கரைக்கின்றனர்? எங்கே பிழை நேர்கிறது? பிழை நேர்ந்தால் என்ன ஆகும்?

விடைகளைத் தேடிச் செல்லும்போதுதான் பாடத்தின் உண்மையான வடிவம் புலப்படுகிறது. நீரின் அளவு குறைந்தால் கரைசலில் உப்பின் செறிவு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். நீர் மிகுந்தால் மருந்தின் பயன் குறையும். கடைகளில் கிடைக்கும் பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவினவும் அல்ல. ஒரு லிட்டர் நீருக்கு உரியனவும் உண்டு. 200 மில்லிலிட்டர் நீருக்கு உரிய சிறு பொட்டலங்களும் உண்டு. ஆகவே, ‘ஒரு பொட்டலத்திற்கு ஒரு லிட்டர்’ என்று மனப்பாடம் செய்த தாய், சிறு பொட்டலத்தை வாங்கிய அன்று தவறிவிடுவார். உறையில் அச்சிட்டுள்ள அளவைப் பார்ப்பதே அவர் முதலில் கற்கவேண்டிய செயல். அடுத்து, அவர் வீட்டில் ஒரு லிட்டரை அளக்கத்தக்க பாத்திரம் எது என்பதைக் கண்டறிய வேண்டும். பொட்டலத்தைப் பாதியாகப் பிரிக்காமல் முழுவதையும் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது.

இனி நோக்கத்தை எழுதலாம். ‘கரைசலின் இன்றியமையாமையைத் தாய்மார்கள் உணர்வர்’ என்று எழுதினால் அதனை அளக்க இயலாது. உணர்ந்தாரா என்று யார் கண்டது? ‘பொட்டலமும் தம் வீட்டுப் பாத்திரங்களும் தரப்பட்டால், உறையில் குறித்த அளவுக்குத் தூயநீரை அளந்து, பொட்டலம் முழுவதையும் கரைத்துக் காட்டுவர்’ என்று எழுதினால் அளக்கலாம். தேர்வும் அப்போதே அமைந்துவிடுகிறது. தாயைக் கரைத்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டுத் தலையசைப்பை விடையாகப் பெறுவது தேர்வாகாது. (வகுப்பறையில் நாமும் இத்தலையசைப்பை நம்பிவிடுவதுண்டு.) இவ்வளவும் செய்தபின், காணொலியே தேவையில்லை, செவிலியர் ஒருவர் கையில் பொட்டலத்துடன் செய்துகாட்டுவதும் சுவரில் தொங்கும் பட அட்டையும் போதும் என்ற முடிவுக்கு வடிவமைப்பாளர் வரலாம். காணொலி கேட்டு வந்தவருக்கு அம்முடிவை எடுத்துரைக்கும் துணிவும் இத்தொழிலுக்கு வேண்டும்.

துறை வளர்ந்த வழி

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் இலட்சக்கணக்கான படைவீரர்களுக்கும் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் குறுகிய காலத்தில் பயிற்சியளிக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பயிற்சித் திரைப்படங்கள் எடுக்கப்பட்டன. உளவியலாளர் பலர் படைத்துறைப் பணியில் ஈடுபட்டனர். அவர்களுள் ஒருவர் ராபர்ட் காக்னே. ஒரு செயலை உட்செயல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் தேர்ச்சியை உறுதிசெய்து, அவற்றை முறையாக வரிசைப்படுத்துவதே பயிற்சியின் உயிர்நாடி என்று அவர் பின்னாளில் வலியுறுத்தினார். கற்றலுக்கான சூழல்களைப் பற்றிய அவரது நூல் 1965இல் வெளிவந்தது.

இதே காலத்தில் வேறொரு கிளையும் வளர்ந்தது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைக் காணச் சென்றார். கணக்கை விரைவில் முடித்தவர்கள் சும்மா அமர்ந்திருந்தனர். முடிக்க இயலாதவர்கள் தவித்தனர். தம் விடை சரியா என்பதை எவரும் அப்போதே அறிய முடியவில்லை. அதன் விளைவாக அவர் கற்பிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் வினாக் கேட்டு, உடனே சரியான விடையைக் காட்டுவது அதன் முறை. அம்முறையே ‘திட்டமிட்டுக் கற்றல்’ என்னும் பெயரில் பரவியது. சில ஆண்டுகளில் இயந்திரங்கள் சந்தையில் பெருகின. அவற்றில் இட்டு நிரப்பத் தரமான பாடங்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. 1960களின் முடிவில் இயந்திரங்களின் மீதான ஆர்வம் தணிந்தது. அவற்றோடு பிறந்த சிந்தனைகள் மறையவில்லை. கற்றலின் நோக்கத்தைக் கண்ணால் காணத்தக்க செயலாக எழுதவேண்டும் என்று ராபர்ட் மேகர் 1962இல் எழுதிய சிறுநூல் இன்றும் பயிலப்படுகிறது. நாம் மேலே தாய்மார்களுக்கான நோக்கத்தை எழுதியது அவர் காட்டிய வழியில்தான்.

பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு என்னும் ஐந்து கட்டங்கள் இத்துறையில் நுழைவோர் முதலில் கேட்கும் சொற்கள். இக்கட்டங்களைக் கொண்ட முறை, 1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் படைத்துறைக்காக உருவாக்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக், லூ கேரியுடன் இணைந்து 1978இல் வெளியிட்ட நூல், பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று.

1983இல் ரிச்சர்ட் கிளார்க் எழுதிய கட்டுரை, துறையினரைத் திடுக்கிடச் செய்தது. கற்றல் சிறப்பதற்கு ஊடகம் காரணமன்று. அதில் பொதிந்துள்ள கற்பிக்கும் முறையே காரணம் என்பது அவர் வாதம். உணவுப்பொருளைக் கொண்டுவரும் சரக்குந்து நம் உடலுக்கு ஊட்டம் தருவதில்லை. உணவே தருகிறது என்னும் ஒப்புமையால் அவர் அதனை விளக்கினார். ராபர்ட் கோஸ்மா இதனை மறுத்தார். சில ஊடகங்களின் தனித்தன்மை, வேறுவழியில் இயலாத கற்றலை இயல்விக்கும் என்றார். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், படிப்பைத் தேர்ந்தெடுக்கப் போகும் மாணவருக்குக் கிளார்க்கின் சரக்குந்தே மிகுதியும் பயன்படும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. காலையில் பள்ளிச் சிறார்க்கும் மாலையில் பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. கோழிக்கூடு அடைக்கும் கம்பிவலையைக் கொண்டு அலைவாங்கிகள் செய்யப்பட்டன. பொறியாளர்களுடன் சமூக அறிவியலாளர்களும் சிற்றூர்களில் இருந்து, நிகழ்ச்சிகளை மக்கள் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதை ஆராய்ந்தனர். குசராத்தின் கேடா மாவட்டத்தில் தொடர்ந்து நடந்த தொலைக்காட்சித் திட்டம் 1984இல் ஊரகத் தொடர்பியலுக்கான யுனெஸ்கோ பரிசைப் பெற்றது.

பெயர்கள் பலவாயினும்

இப்படிப்பைத் தேடத் தொடங்குவோரை முதலில் குழப்புவது பெயர். இந்தியானா பல்கலைக்கழகம் இதனைக் ‘கற்பித்தல் ஒழுங்கமைவுத் தொழில்நுட்பம்’ என்று பொருள்படும் பெயரால் வழங்கிவந்துள்ளது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘கற்றல், வடிவமைப்பு, தொழில்நுட்பம்’ என்று பெயர். நம் நாட்டில் பெரும்பாலும் ‘கல்வித் தொழில்நுட்பம்’ என்ற பெயரே வழங்குகிறது. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இப்பெயரில் துறைகள் உள்ளன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு நிகழ்கிறது. கல்வியியல் முதுநிலைப் படிப்பில் கல்வித் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒரு தாள் அளவில் இடம்பெறும். அதனைப் பயில்வதும் தனிப்படிப்பைப் பயில்வதும் ஒன்றல்ல.

பெயர் ஒன்றாக இருக்கும் இரு படிப்புகள், உள்ளே வேறு வேறு திசையில் செல்வதும் உண்டு. ஒன்று நிறுவனப் பணியாளர் பயிற்சியை நோக்கியிருக்கும். மற்றொன்று பள்ளி ஆசிரியர்களை நோக்கியிருக்கும். பல்கலைக்கழகங்களின் இணையவழிப் பாடங்களை உருவாக்குவோரைத் தயார்செய்வன சில. கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்ற ஆராய்ச்சிக்கே முதன்மை தருவன வேறு சில. வங்கிப் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுக்க விரும்புபவர், பள்ளிக் கல்வியை மையமாகக் கொண்ட துறையில் சேர்ந்து ஈராண்டு கழித்து வருந்துவதில் பயனில்லை. எனவே, தலைப்பைக் கடந்து பாடத்திட்டத்தைத் திறந்து படிக்கவேண்டும். பருவம்தோறும் உள்ள தாள்களின் பெயர்களையும் அவற்றின் உட்பொருளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நல்லது.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கற்றல் கோட்பாடுகள், கற்போர் பற்றிய பகுப்பாய்வு, மதிப்பீடு, ஆய்வு முறையியல் ஆகியவற்றுக்கு எவ்வளவு இடம்? மென்பொருள் பயிற்சிக்கு எவ்வளவு இடம்? மென்பொருள் வேண்டியதே, அதனைத் தெரியாதவர் இன்று இத்துறையில் பணியாற்ற இயலாது. ஆனால், மென்பொருளின் வாழ்நாள் குறுகியது. ஒரு காலத்தில் கணினிவழிப் பாடங்களில் மிகுதியானவை ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளால் ஆக்கப்பட்டன. அதனை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனம் 2020 திசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. உலாவிகளும் அதனைக் கைவிட்டன. அதில் ஆக்கப்பட்டு மாற்றி அமைக்கப்படாத பாடங்கள் திறக்காமற்போயின. ஃபிளாஷை மட்டும் கற்றவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. கற்போரைப் பகுத்தறியவும் நோக்கத்தை எழுதவும் கற்றவர், கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் பாடம் எழுதித் தரும் இக்காலத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. பாடத்தைக் கருவி எழுதிவிடும், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அளவில் தாய் எங்கே தவறுவார் என்பதை அவர் வீட்டுக்குச் சென்று பார்த்து வருவது மனிதர் பணியாகவே இருக்கிறது.

துறையின் அளவுகோலால் படிப்பை அளத்தல்

கற்பித்தலை மதிப்பிடும் துறை இது. ஆகவே, அத்துறையின் அளவுகோலைக் கொண்டே அத்துறையின் படிப்பையும் அளக்கலாம். இதைவிட நேர்மையான வழி வேறில்லை என்பது நம் கருத்து.

டொனால்டு கிர்க்பேட்ரிக் என்பவர் 1959இல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு நிலைகளை முன்வைத்தார். பயின்றவர் மகிழ்ந்தாரா என்பது முதல் நிலை. கற்றாரா என்பது இரண்டாம் நிலை. கற்றதைப் பணியில் கையாள்கிறாரா என்பது மூன்றாம் நிலை. அதனால் விளைந்த பயன் யாது என்பது நான்காம் நிலை. இப்போது ஒரு கல்வி நிறுவனத்தின் விளக்கக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ‘இங்குப் பயின்ற நாள்கள் மறக்கமுடியாதவை’ என்று முன்னாள் மாணவர் ஒருவர் கூறியிருப்பார். அது முதல் நிலை. கண்ணாடிக் கட்டடத்தின் முன் புன்னகைக்கும் மாணவர்களின் படம் முதல் நிலையைக்கூடத் தொடுவதில்லை. பயின்றவர் என்ன செய்யத் தெரிந்து வெளியேறினார், இப்போது எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பவற்றைக் கையேடு சொல்லுமாயின் அதனை நிறுத்திப் படிக்கலாம். சொல்லாவிட்டால் நாமே கேட்கவேண்டும். முன்னாள் மாணவர் இருவர் மூவரைத் தேடிப் பேசுவது இன்று கடினமன்று. ‘படிப்பு நன்றாக இருந்ததா?’ என்று அவர்களிடம் கேட்டால், தலையசைப்பே கிடைக்கும். ‘இப்படிப்பில் நீங்கள் உருவாக்கிய பாடம் ஒன்றைக் காட்ட முடியுமா? அதனை யாரிடம் சோதித்தீர்கள்? சோதித்தபின் எதை மாற்றினீர்கள்?’ என்று கேட்பதே பயன்தரும்.

மூன்றாம் வினாவே முதன்மையானது. டிக், கேரி இருவரும் எழுதிய முறையில், பாடம் ஒன்று முழுமையடையுமுன் மூன்று கட்டங்களாகச் சோதிக்கப்படும். முதலில் கற்போர் ஒருவருடன் அருகமர்ந்து அவர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லில் புருவம் சுருக்குகிறார் என்று பார்க்க வேண்டும். பின்னர்ச் சிறு குழுவிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் உண்மையான சூழலில் வழங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பாடம் திருத்தம் பெறும். முதற்கட்டச் சோதனைக்குப் பெரிய ஆய்வகமோ பணமோ தேவையில்லை. பாயும் பென்சிலும் பொறுமையும் போதும். இருந்தும், பாடத்தை உருவாக்கி ஒப்படைத்தவுடன் மதிப்பெண் தந்து முடித்துவிடும் படிப்புகள் உண்டு. அங்கே மாணவர் தம் பாடத்தைக் கற்போர் எவர் முகத்திலும் கண்டதேயில்லை. தைத்த சட்டையை ஒருவருக்கும் அணிவித்துப் பாராமல் தையற்கலையில் தேர்ச்சிச் சான்று பெறுவதைப் போன்றது அது. ஒரு மருத்துவமனையோ அரசுப் பள்ளியோ உழவர் குழுவோ தன் உண்மையான தேவையைச் சொல்ல, அதற்குப் பாடம் அமைத்துச் சோதிக்கும் வாய்ப்பைத் தரும் படிப்பு, தரவரிசையில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் தேர்ந்தெடுக்கத் தக்கது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தரவரிசை அதன் ஒவ்வொரு துறைக்கும் பொருந்துவதில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

அவ்வாறு உருவாக்கிய பாடங்களைத் திரட்டி வைப்பது படைப்புத் தொகுப்பு எனப்படும். பணிக்கு எடுப்போர் பட்டச் சான்றிதழுடன் இதனையும் கேட்டுப் பார்க்கின்றனர். ஆய்வேடு எழுதி முடிக்கும் படிப்பு, முனைவர் பட்டத்தை நோக்குவோர்க்கு ஏற்றது. செயல்திட்டமும் படைப்புத் தொகுப்புமாக முடியும் படிப்பு, உடனே பணிக்குச் செல்வோர்க்கு ஏற்றது. சில துறைகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இடம் தருகின்றன. பேராசிரியர்கள் எவற்றை ஆராய்கின்றனர், ஒருவர் எத்தனை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார் என்பவற்றையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டறியலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. விடைதரும் முறையிலிருந்தே அத்துறை தன் மாணவரை எவ்வாறு நடத்தும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பொருளும் ஏற்பும்

கடன் பெற்றுப் படிக்கும் குடும்பங்களே நம்மிடையே மிகுதி. ஆகவே, கட்டணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நன்று. அமெரிக்காவில் இம்முதுகலைப் படிப்பு பெரும்பாலும் 30 முதல் 36 மதிப்பலகுகளைக் கொண்டது. கட்டணம் மதிப்பலகு ஒன்றுக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்படுவதால், முதற்பார்வையில் சிறியதாகத் தோன்றும். மொத்த மதிப்பலகுகளால் பெருக்கி, தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கூட்டியபின்னரே உண்மையான தொகை தெரியும். ஆசிரியருக்கோ ஆய்வாளருக்கோ உதவியாளராகப் பணியாற்றுவதால் கட்டண விலக்குக் கிடைக்கும் வாய்ப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அது முதுகலை மாணவர்க்கும் உண்டா, முனைவர் பட்ட மாணவர்க்கு மட்டுமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறவேண்டும்.

அந்நாட்டில் இப்படிப்புகள் பல, முழுவதும் இணையவழியில் நடைபெறுகின்றன. பணியில் இருப்போர்க்கு அது வசதி. ஆயினும், மாணவர் நுழைவு இசைவு பெற்று அங்குச் செல்வோர் ஒரு பருவத்தில் இணையவழிப் பாடம் ஒன்றை மட்டுமே முழுநேரப் படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலும். வளாகத்தில் நேரில் நடைபெறும் வகுப்புகள் போதிய அளவில் உண்டா என்பதை அறியாமல் விண்ணப்பித்தால் காலமும் விண்ணப்பக் கட்டணமும் வீணாகும். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை ஏற்பதிலும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஒரே நிலைப்பாட்டைக் கொண்டிருக்கவில்லை. நான்காண்டுக் கல்வியை எதிர்பார்ப்பன சில உள்ளன.

இந்தியாவில் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்க விரும்புவோர், குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட படிப்புக்கு, தாம் சேரும் ஆண்டில் பல்கலைக்கழக மானியக்குழுவின் ஏற்பு உள்ளதா என்று பார்க்கவேண்டும். நிறுவனத்துக்கு ஏற்பு இருப்பதாலேயே அதன் எல்லாப் படிப்புகளுக்கும் ஏற்பு இருப்பதாகக் கொள்ளலாகாது. வெளிநாட்டுப் பட்டத்துடன் திரும்பி வந்து இங்கு ஆசிரியப் பணியோ அரசுப் பணியோ நாடுவோர்க்கு இணைத்தன்மைச் சான்றும் தேவைப்படலாம்.

இப்போது பதினொன்றாம் வகுப்பில்

முதுகலைப் படிப்பு நமக்கு ஐந்தாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. அதற்குள் பாடத்திட்டங்களும் கட்டணங்களும் மாறிவிடும், பெயர்களும் மாறக்கூடும். கேட்கவேண்டிய வினாக்கள் பெரிதும் மாறா என்பதால்தான் அவற்றுக்கு இங்கே இவ்வளவு இடம் தரப்பட்டது.

இத்துறைக்கு வருவோர் ஒரே இளநிலைப் பட்டத்தைப் பெற்றவர்கள் அல்லர். உளவியல், கல்வியியல், காட்சித் தொடர்பியல், கணினி அறிவியல், மொழி இலக்கியம் என எத்துறையிலிருந்தும் வரலாம். செவிலியராகப் பணியாற்றிவிட்டு வருவோரும் உண்டு. அவர்களுக்குத் தாம் கற்பிக்கப்போகும் பொருளும் கற்போரும் முன்னரே அறிமுகம் என்பதால் அது ஒரு வலிமையே. இளநிலையில் ஒரு துறையை ஆழ்ந்து கற்பதே நலம் எனத் தோன்றுகிறது. கற்பிக்கும் முறையை மட்டும் அறிந்து, கற்பிக்கும் பொருள் எதனையும் ஆழ்ந்து அறியாதவர் எப்போதும் பிறர் அறிவையே நம்பி நிற்க நேரும்.

மொழித்திறனைப் பற்றியும் ஒரு சொல். உடல்நலம், உழவு, வங்கிச்சேவை, தொழிற்பாதுகாப்பு ஆகியன குறித்த பயிற்சிப் பாடங்கள் பல, ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னரே தமிழாக்கம் பெறுகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்ட அவ்வரிகளைப் படிக்கும் தொழிலாளி, ‘மின்னிணைப்பின் துண்டிப்பானது உறுதிசெய்யப்படுதல் வேண்டும்’ என்ற வாக்கியத்தின் முன் திகைத்து நிற்கிறார். ‘முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், நின்றுவிட்டதா என்று பாருங்கள்’ என்று எழுதியிருந்தால் அவர் கை தானே விசையை நோக்கிச் சென்றிருக்கும். இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்கு இவ்விரு வாக்கியங்களுக்கு இடையிலான தொலைவு உயிருக்கும் ஆபத்துக்கும் இடையிலான தொலைவாகவும் அமையலாம். தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே பாடம் வகுக்கத் தெரிந்த வடிவமைப்பாளர்களின் தேவை பெரிது. தமிழ் வகுப்பில் நாம் எழுதும் கட்டுரையும் சுருக்கமும் அதற்கான முதற்பயிற்சிகளே. சுருக்கம் எழுதும்போது எதை விடலாம், எதை விடலாகாது என்று எண்ணுகிறோம் அல்லவா? வடிவமைப்பாளர் நாள்தோறும் செய்வதும் அதுவே.

கற்பவை கற்றபின்…

1. சமையல் எரிவாயு உருளையை மாற்றுதல், மிதிவண்டிச் சங்கிலியை மாட்டுதல், வங்கியில் பணம் செலுத்தும் படிவத்தை நிரப்புதல் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்க. அதனை உட்செயல்களாகப் பகுத்து எழுதுக. பிழை நேரக்கூடிய இடங்களை அடிக்கோடிட்டுக் காட்டுக.

2. அச்செயலை அறியாத ஒருவருக்கு நீவிர் எழுதியதைப் படிக்கக் கொடுத்து, வாய்திறவாமல் அருகிலிருந்து காண்க. அவர் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்தி எழுதுக. இரு வடிவங்களையும் வகுப்பில் படித்துக் காட்டுக.

3. கல்லூரி ஒன்றின் விளக்கக் கையேட்டைப் பெற்று, அதிலுள்ள கூற்றுகள் கிர்க்பேட்ரிக்கின் எந்நிலையைச் சார்ந்தவை எனக் குழுவாகப் பிரித்தறிக. கையேட்டில் விடை கிடைக்காத ஐந்து வினாக்களை எழுதி, அக்கல்லூரிக்கு அனுப்பத்தக்க கடிதமாக அமைக்க.